எட்டு மணி நேரக் கோழி

ஆகஸ்ட் 20, செவ்வாய்

என் மனைவி மயிலாத்தாள் நேற்றுக் காலை மகளோடு பெங்களூர் போயிருக்கிறாள். சும்மா ஒரு மாறுதலுக்காக. முப்பத்துநாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் நாலு நாள் வெளியே போய் வருவது நல்லதுதானே. பெரிய பெட்டியை எடுத்துப் போனாள். நாலு நாளைக்கு எதற்குப் பெரிய பெட்டி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது, ஏனென்றால் முந்தின நாள் மதியத்திலிருந்தே அவள் என்னிடம் பேசவில்லை.

நான் துணை மின் நிலையத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மணிக்கு ஒருமுறை லாக் புத்தகத்தில் எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. இனி தினமும் இதில் எழுதுவேன்.

காலை ஓட்டல். மதியம் ஓட்டல். இரவு வாழைப்பழம் இரண்டு. எல்லாம் நார்மல்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எதிர்வீட்டு ரங்கநாயகி கேட்டைப் பிடித்துக்கொண்டு விசாரித்தாள். "ஏனுங்ணா, அக்கா ஊருல இல்லீங்களா? காலைல கோலம் காணமுங்க."

"பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. அடுத்த வாரம் வந்துருவா."

"அப்படீங்களா," என்றாள். ஒரே ஒரு வார்த்தையில் இவ்வளவு சந்தேகத்தை ஏற்ற நாமக்கல்லில் வேறு யாராலும் முடியாது. சி.பி.ஐ.யில் சேர்ந்திருக்க வேண்டியவள், இங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் நார்மல்.

ஆகஸ்ட் 24, சனி

மகள் சுகந்தி போன் செய்தாள்.

"ஏனுங்கப்பா, சாப்டீங்களா?"

"ஆச்சு கண்ணு. உங்கம்மா எப்ப வாரா?"

"அம்மா வர்ற மாதிரியே தெரியலீங்கப்பா," என்றாள். பின்னாலிருந்து மயிலாத்தாளின் குரல் கேட்டது. என்னோடு பேசமாட்டாளாம், ஆனால் எனக்குக் கேட்கும்படி மகளோடு பேசுவாளாம்.

"உங்கப்பாவை ஒரே ஒரு நாளைக்கு ஆக்கச் சொல்லு. கோழியே ஆக்கட்டும். நான் உக்காந்து சாப்புடோணும், அவரு பக்கத்துல நின்னு பாக்கோணும். அதுக்கப்புறம் வாரதா வேண்டாமான்னு சொல்றேன்."

கோழி எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. மயிலாத்தாள் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். உப்பு என்ற பொருளே அதில் இல்லை. நான் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். மேஜை வழுக்கல், அதனால் தட்டு கொஞ்சம் வேகமாகப் போய் விளிம்பு தாண்டிவிட்டது. சம்பந்தியம்மாளின் பட்டுப்புடவை அந்தப் பக்கம் இருந்தது என் தப்பா? "முப்பத்துநாலு வருசமா ஆக்கறா, இன்னும் உப்புப் போடத் தெரியல" என்று பொதுவாக ஒரு கருத்தும் சொன்னேன். மயிலாத்தாள் தரையைத் துடைத்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாததால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

நான் சாப்பாட்டில் குறை சொல்லும் ஆளே கிடையாது. நன்றாக இருந்தால் "சாப்பிடலாம்" என்று வாய்விட்டே சொல்லிவிடுவேன். எத்தனை பேர் அதைச் சொல்கிறார்கள்?

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே மின்சாரத்தில் ஓடும் பெரிய பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி போட்டது. பெயர் ஸ்லோ குக்கராம். அடுப்பும் தீயும் எனக்கு ஆகாது என்று மகள் அனுப்பியிருக்கிறாள்.

போனில் விளக்கினாள். "எல்லாத்தையும் வெட்டி உள்ள போட்டு, மூடிய மூடி, லோவுல வச்சிருங்கப்பா. எட்டு மணி நேரத்துல அதுவே வெந்துரும். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்."

எட்டு மணி நேரம்! சோறு பத்து நிமிடம் தாமதமானால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் ஓட்டலுக்கே போறேன்" என்று கிளம்பிய ஆள் நான். இப்போது எட்டு மணி நேரம் தாமதமாக்குவதற்கென்றே ஒரு சாமானை டப்பாவில் போட்டு விற்கிறார்களாம், அதற்கு நவீன வசதி என்று பெயராம். மயிலாத்தாள் செய்தால் சோம்பல், மெஷின் செய்தால் டெக்னாலஜி.

கூடவே சுகந்தி தன் கையால் தமிழில் எழுதிய செய்முறை இருந்தது. தலைப்பு: ஆரோக்கியமான ஆசியக் கோழி. நாமக்கல்லை ஆசியாவிலிருந்து எப்போது எடுத்தார்கள் என்று தெரியவில்லை. தோல் நீக்கிய கோழி, இஞ்சி, பூண்டு, சோயா சாஸ், தேன், காரட், பீன்ஸ், குடைமிளகாய். எண்ணெய் ஒரே ஒரு ஸ்பூன், அதுவும் நல்லெண்ணெய். கடைசியில் சோளமாவு கரைசல், மேலே வறுத்த எள். எள்ளும் நல்லெண்ணெயும் சேர்ந்தாலே எனக்குச் சனீஸ்வரன் சந்நிதி ஞாபகம் வருகிறது. அடியில் கோடு போட்டு எழுதியிருந்தாள்: நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது.

ஆகஸ்ட் 28, புதன்

சட்டியில் முதலில் வெறும் தண்ணீர் காய்ச்சிப் பார்க்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மிளகு தேடினேன், கடுகு வந்தது. சர்க்கரை தேடினேன், ரவை வந்தது.

உப்பு ஜாடிக்குள் இருமல் மருந்தோடு வரும் சின்ன பிளாஸ்டிக் ஸ்பூன் கிடந்தது. ஜாடிக்கு அடியில் நாலாக மடித்த காகிதம். ஜூலையில் நான் எடுத்த பரிசோதனை ரிப்போர்ட். டாக்டர் இங்கிலீஷில் ரத்த அழுத்தம் பற்றி எழுதி, உப்பு என்ற இடத்தில் இரண்டு கோடு போட்டது. எல்லாம் நார்மல் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு அது எங்கே போனது என்று நான் தேடவில்லை.

காகிதத்தின் பின்பக்கம் மயிலாத்தாளின் கையெழுத்து. "மருந்துக்கடைப் பெண் படித்துச் சொன்னது. உப்பு ரொம்பக் குறைக்கணும். சொன்னால் கோபம் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும். நானும் அதையே சாப்பிடணும்."

தண்ணீர் காய்ச்சவில்லை. பசியும் இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

மழை.

செப்டம்பர் 1, ஞாயிறு

முதல் பரிசோதனை. கறிக்கடை ஜமால் பாயிடம் போனேன்.

"வாங்ணா. எப்பவும் போல கொழம்புக்கா? அக்கா வரலீங்களா?"

"எலும்பில்லாம, தோலில்லாம. ஆசியக் கோழி பண்றோம்."

கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நம்மகிட்ட பிராய்லரும் நாட்டுக்கோழியும்தாங்ணா இருக்கு."

எட்டரைக்குச் சட்டியை ஆன் செய்தேன். எட்டே முக்காலுக்கு மூடியைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதுக்குத் திறந்தேன். ஒன்பதேகாலுக்கும் திறந்தேன். மணிக்கு ஒருமுறை ரீடிங் எடுத்துப் பழகியவன், எப்படிப் பார்க்காமல் இருப்பது? ஒருமுறை திறந்தால் அரை மணி நேரச் சூடு போய்விடுமாம். என் கணக்குப்படி அந்தக் கோழி தீபாவளிக்குத்தான் வெந்திருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் காரட் கல்லாகவும், கோழி ரப்பராகவும் இருந்தன.

ஓட்டல்.

செப்டம்பர் 4, புதன்

இரண்டாம் பரிசோதனை. சமையலறைக் கதவில் ஒரு அட்டை மாட்டினேன்: "வேலை நடைபெறுகிறது. திறக்காதே." லைனில் ஆள் ஏறியிருக்கும்போது சுவிட்சில் மாட்டும் அட்டை மாதிரி. இந்தமுறை நான் உள்ளேயே போகவில்லை. கோழி வெந்துவிட்டது. ஆனால் செய்முறையில் சோயா சாஸ் நாலு ஸ்பூன் என்று இருந்ததற்கு நான் குழிக்கரண்டியை எடுத்திருக்கிறேன். நிறம் தார் ரோடு. வாயில் வைத்தால் கடல் தண்ணீர். சோளமாவைச் சுடச்சுட உள்ளே கொட்டியதில் அது உருண்டை உருண்டையாகத் திரண்டு முழித்துக்கொண்டிருந்தது.

ரங்கநாயகி வீட்டுப் பூனைக்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, முன்காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனது.

கோபம் வரவில்லை. தட்டைத் தள்ளாமல் மண்ணைத் தள்ளிய அளவுக்காவது அதற்கு மரியாதை தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. ரங்கநாயகி கொழுக்கட்டை கொடுத்தாள். "அடுத்த வாரம் வந்துருவாங்கன்னு சொன்னீங்களே," என்று அதையும் சேர்த்துக் கொடுத்தாள்.

சுகந்தி பேசினாள். வியாழக்கிழமை ராசிபுரத்தில் மயிலாத்தாளின் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம். அதற்காக இருவரும் புதன்கிழமை சாயங்காலமே நாமக்கல் வருகிறார்கள்.

"அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு உங்களோடதுங்கப்பா. அதுக்கடுத்த வாரம் புரட்டாசி பொறந்துரும், அப்புறம் ஒரு மாசம் வீட்டுல கறி இல்ல. அம்மா என்ன சொல்றாங்கன்னா…" கொஞ்சம் தயங்கினாள். "சாப்பாடு இல்லீன்னா நிச்சயம் முடிஞ்சு அப்படியே என்கூட பெங்களூர் வந்துர்றாங்களாம். அங்க பக்கத்துல ஒரு பிளே ஸ்கூல்ல சமையலுக்குக் கேட்டிருக்காங்கப்பா. அம்மாவுக்கும் புடிச்சிருக்கு. அந்தக் குழந்தைங்க தட்டைக் காட்டி இன்னும் வேணும்னு கேக்குதுங்களாம்."

மயிலாத்தாள் ஏற்கெனவே போய்ச் சமைத்துப் பார்த்திருக்கிறாள் என்று புரிந்தது. நல்ல விஷயம்தான் என்றேன். போனை வைத்த பிறகு எனக்குப் பயமாக இருந்தது. பதினொரு கிலோவோல்ட் லைன் பக்கத்தில் நின்றபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மூன்றாம் பரிசோதனை. சோயா சாஸ் இரண்டே ஸ்பூன். சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றினேன். தனியே உப்புப் போடவில்லை.

சாப்பிடலாம்.

இந்த வார்த்தையை எழுதிவிட்டுப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து செய்த எனக்கே இது போதவில்லை.

செப்டம்பர் 11, புதன்

இரண்டு மூன்று பக்கம் ஆகும். வரிசையாகவே எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுச் சட்டியை ஆன் செய்தேன். பவர் பிளக்கில்தான் மாட்டினேன். சூடு பண்ணும் சாமான் எதையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டக்கூடாது என்று இந்தத் தெரு முழுவதற்கும் பாடம் நடத்தியவன் நான். இந்த வீட்டில் அந்த வயரிங்கைப் பிரித்துப் போட்டதும் நானே. அட்டையை மாட்டிக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் ஃபேனுக்கு அடியில் பேப்பரோடு உட்கார்ந்தேன். உலகச் செய்தி வரைக்கும் படித்தேன். வீட்டைப் பெருக்கினேன். வாசலில் ஒரு கோலம்கூடப் போட்டேன். கோணல்தான், ஆனால் கோலம்.

மணி ஒன்றே முக்கால். ரங்கநாயகி கேட்டில் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, கரண்டு எப்பங்க வரும்?"

"கரண்டு எங்க போச்சு? ஃபேன் ஓடுதே."

"உங்க ஊட்டுல இன்வெர்ட்டருங்க. எங்களுக்கு ஒம்பது மணிக்கே போச்சு. இன்னைக்கு ரெண்டாவது புதனில்லீங்களா? மாசாந்திர ஷட்டவுனுன்னு நீங்கதானே வருசம் பூராச் சொல்லுவீங்க."

இரண்டாவது புதன். ஒன்பது முதல் ஐந்து வரை பராமரிப்பு. பத்து வருடம், கரண்டை நிறுத்தியாச்சு, வேலை செய்யலாம் என்று கொடுக்கும் அந்த லைன் கிளியர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். ஊருக்கெல்லாம் முதல் நாளே சொல்லி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொல்லி, மாவை முன்னாடியே அரைக்கச் சொல்லி அனுப்பியவன். என் வீட்டுக் கோழிக்கு மட்டும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தேன். அட்டை ஆடியது. சட்டியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. மூடியைத் திறந்தால், கோழி அரை மணி நேரம் சூடு கண்டு, நாலே முக்கால் மணி நேரமாக வெதுவெதுவென்று குளித்துக்கொண்டிருக்கிறது. புளிப்பாக ஒரு வாடை. அதை மனிதருக்குப் போட முடியாது. பூனைக்கும் போடக்கூடாது, அதற்கு ஏற்கெனவே என்மேல் அபிப்பிராயம் சரியில்லை. அப்படியே குழி வெட்டிப் புதைத்தேன்.

ஜமால் பாய் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "காலைல வாங்குனது என்னங்ணா ஆச்சு?"

"டிரிப் ஆயிருச்சு பாய். இன்னொரு கிலோ குடுங்க."

துடைத்து வைத்த மரக்கட்டையை மறுபடியும் எடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் ஐந்துக்குத்தான். ஸ்லோ குக்கர் இல்லை, மிக்ஸி இல்லை. இருப்பது கேஸ் அடுப்பும் நானும். பற்றவைக்க ஆறு குச்சி ஆனது. இஞ்சி பூண்டைச் சின்ன இடிகல்லில் போட்டு இடித்தேன். பாதி இஞ்சி ஜன்னல் வழியே ரங்கநாயகி வீட்டுக்குப் போயிருக்கும். கனமான அலுமினியச் சட்டியில் கோழியைப் போட்டு, தீயை அடிமட்டத்துக்கு இறக்கி, மூன்று மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். கிளறாவிட்டால் அடி பிடிக்கிறது. கிளறினால் முகத்தில் ஆவி அடிக்கிறது. உட்காரலாம் என்றால் அந்த அறையில் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. இந்த வீட்டைக் கட்டும்போது கூடத்துக்கு எத்தனை ஃபேன் என்று யோசித்த ஃபோர்மேன், சமையலறைக்கு ஒரு ஃபேன் பாயிண்ட் வைக்கவில்லை.

சட்டி விளிம்பு பட்டு இடது மணிக்கட்டில் சுட்டுவிட்டது. மயிலாத்தாளின் இடது மணிக்கட்டில் அதே இடத்தில் கறுப்பாக ஒரு தழும்பு உண்டு. எப்போது பட்டது என்று நான் கேட்டதே இல்லை.

ஆறு மணிக்கு வந்தார்கள். மயிலாத்தாள் வாசலில் கோலத்தைத் தாண்டாமல் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். உள்ளே வந்து பெரிய பெட்டியைக் கதவோரமே வைத்தாள். கூடத்துக்குள் கொண்டுவரவில்லை.

ஏழு மணிக்குத் தட்டு வைத்தேன். சோறு, கோழி, மேலே எள். சுகந்தி போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள். நான் அவள் சொன்னபடி பக்கத்தில் நின்றேன். ஒருத்தர் முதல் வாயை எடுத்து வைக்கும்போது, அவர் முகத்தில் என்ன வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

அவள் மென்றாள். முகத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாயும் எடுத்தாள்.

நான் தாங்காமல் சொன்னேன். "உப்புத் தனியாப் போடல மயிலா. அந்த சாஸ்ல இருக்கறதுதான். டாக்டரு கொறைக்கச் சொல்லியிருக்காரு."

கை நின்றது. "அந்தக் காகிதத்த எப்பப் பாத்தீங்க?"

"போன மாசம் இருவத்தெட்டு."

"ரெண்டு வாரமாத் தெரிஞ்சும் ஒரு போன் பண்ணலீங்களா?"

"பண்ணி என்னன்னு சொல்றது?"

"தப்புன்னு சொல்றது." குரலை உயர்த்தவில்லை. "அத்தன பேரு முன்னால தட்டத் தள்ளுனீங்க. அவங்க சீலையிலயும் தரையிலயும் கொட்டுனத நான் மண்டி போட்டுத் தொடச்சேன். நீங்க கை கழுவப் போயிட்டீங்க."

மேஜை வழுக்கல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தப்புதான்," என்றேன். அது போதாது என்று தெரிந்தது. "தட்டு தானா போகல. நான்தான் தள்ளுனேன். உனக்கு ஆக்கத் தெரியலன்னு சொன்னதும் தப்பு. இத்தன வருசத்துல ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொல்லாததும் தப்பு. நல்லாத்தான் இருந்துச்சு மயிலா. எல்லா நாளும்."

சுகந்தி போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

மயிலாத்தாள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள். "மஞ்சள் வைக்காதீங்க, தண்ணியில காட்டுங்க," என்றாள். பிறகு ஒரு பீன்ஸை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். கடைசியில் போட்டது, வேகவில்லை போலிருக்கிறது.

"எப்படி இருக்குன்னு சொல்லலியே," என்றேன்.

நிதானமாக மென்று விழுங்கினாள். "சாப்புடலாம்."

எனக்கு அது எந்த இடத்தில் படவேண்டுமோ அந்த இடத்தில் பட்டது. அவளுக்கும் அது தெரியும். உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து அவசரமாகப் போனது. ஆனால் வருவதைப் பற்றியோ போவதைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூங்கப் போகும்போதும் பெட்டி கதவோரமே இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

காலை ஏழேகாலுக்கு இருவரும் ராசிபுரம் கிளம்பினார்கள். நிச்சயம் முடிந்து சுகந்தி அங்கிருந்தே பெங்களூர் போகிறாள். மயிலாத்தாள் என்ன செய்யப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, தைரியம் வரவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். "குடிக்கலாம்," என்றாள். இது இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று தெரியவில்லை.

கார் போனதும் கதவோரம் பார்த்தேன். பெட்டி இல்லை. ராசிபுரத்துக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்கு எதற்குப் பெரிய பெட்டி? படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று ரீடிங் எடுக்கவில்லை.

பிறகு சட்டை மாற்றப் படுக்கையறைக்குப் போனேன். பெட்டி பீரோவுக்கு மேலே, அது எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறித் தூக்கிப் பார்த்தேன்.

காலி.